காயாத பூச்சின் மேல் அடுத்த பூச்சு: சிறுவர் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சிறுவர்களுக்கான கைவேலைப் பக்கத்தில், ஒரு மணி நேரத்தில் பல அடுக்குகளாகப் பூ ஓவியம் தீட்டுவது எப்படி என்று சென்ற வாரம் வெளியான செய்முறையைக் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், நாளிதழ் ஒன்று ஓவியத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பதைக் கண்டதும் முதலில் மகிழ்ச்சிதான் உண்டாயிற்று. நீர்வண்ணம், அக்ரிலிக், ஆயில் பேஸ்டல், வண்ணத் தாள் ஆகியவற்றை ஒரே படத்தில் சேர்த்துப் பயன்படுத்தும் முறையை, அதாவது ஓவியக் கல்லூரிகளில் 'மிக்ஸ்டு மீடியா' என்று வழங்கும் முறையை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் எளிய நடையில் எழுதியிருந்ததும் பாராட்டத்தக்கதே. ஆயினும் அச்செய்முறையில் அடுக்குகளின் வரிசை தலைகீழாக இருந்தது என்பதையும், ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் காயவிட வேண்டிய நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அப்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அதில் கண்டபடியே ஞாயிறு பிற்பகலில் வேலையைத் தொடங்கினாள். டிராயிங் ஷீட்டில் பென்சிலால் ஒரு செம்பருத்தியை வரைந்து, இதழ்களை ஆயில் பேஸ்டலால் அழுத்தித் தேய்த்து நிரப்பி, சுற்றிலும் வண்ணத் தாள் துண்டுகளை ஒட்டி, அதன் மேல் அக்ரிலிக் பூசி, கடைசியில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஓரம் கட்டினாள். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். இருந்திருந்தால் இரண்டாவது படியிலேயே கையைப் பிடித்திருப்பேன். சிவப்பு அக்ரிலிக் இதழின் மேல் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டிருக்கிறது. குழந்தையோ விடாமல் இன்னும் கெட்டியாகக் குழைத்துப் பூசியிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுப் பள்ளிக்கு எடுத்துச் சென்று வகுப்பில் விரித்தபோது, இதழ் ஒன்று, ஆறிய பாலின் ஏடு கழன்று வருவதைப் போல, முழுசாகக் கழன்று மேசையில் விழுந்ததாம். மாலையில் நான் வீடு திரும்பியதும், "தாத்தா, நான் எதைத் தப்பாச் செஞ்சேன்?" என்று கேட்டாள். "நீ ஒண்ணும் தப்புச் செய்யலம்மா, பேப்பர்ல போட்டதைத்தான் செஞ்சே" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

காரணம் மிக எளியது. ஆயில் பேஸ்டல் என்பது வண்ணப் பொடியை மெழுகோடும் காயாத எண்ணெயோடும் குழைத்து அச்சில் வார்த்த குச்சி. தாளில் தேய்த்த பிறகு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அது முற்றாகக் காய்வதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் தேய்த்த படத்தை இன்று விரலால் தடவினாலும் விரலில் கொஞ்சம் நிறம் ஏறும். அக்ரிலிக் அதற்கு நேர்மாறானது. நீரில் கலந்து மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களே அதன் பசை. நீர் ஆவியாகப் போனதும் அத்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிப் படலமாகி விடுகின்றன. அப்படலம் பிடித்து நிற்பதற்குச் சற்றே சொரசொரப்பான, எண்ணெய்ப் பசை இல்லாத தளம் வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையில் ஊற்றிய தண்ணீர் எப்படி நிற்காதோ, அப்படியே ஆயில் பேஸ்டலின் மேல் அக்ரிலிக் நிற்பதில்லை; கெட்டியாகப் பூசி நிறுத்தினாலும் வேர் பிடிப்பதில்லை. ஆகவே, நீரில் குழைபவை எல்லாம் அடியிலும், எண்ணெயும் மெழுகும் சேர்ந்தவை எல்லாம் மேலேயும் வர வேண்டும். "முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்" என்று வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம், "சனிக்கிழமைக் குளியலுக்கு நேர் எதிர், சார்" என்று யாராவது ஒரு பையன் சொல்லுவான். அப்படிச் சொன்னவன் அதன் பிறகு வரிசையை மறந்ததே இல்லை.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும், ஒருவேளை அதிலிருந்துதான் தங்கள் பக்கத்தில் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். வெள்ளை மெழுகுக் கிரேயானால் இதழின் நரம்புகளை மட்டும் மெல்லிய கோடுகளாக இழுத்துவிட்டு, அதன் மேல் தண்ணீராகக் கரைத்த நீர்வண்ணத்தை ஓட விட்டால், மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒதுங்கிக்கொள்ள, நரம்புகள் வெள்ளையாகத் துலங்கி நிற்கும். அங்கே வண்ணம் ஒட்டக் கூடாது என்பதுதான் நம் நோக்கம். ஒட்ட வேண்டிய இடத்தில் மெழுகையும் எண்ணெயையும் முதலில் தேய்த்து நிரப்புவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

ஆயில் பேஸ்டலை நான் குறைத்துச் சொல்வதாகத் தாங்கள் கருத வேண்டாம். 1925-இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் அதனை உருவாக்கியதே பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் கொண்டுதான். 1949-இல் பாரிசின் செனெலியே என்னும் ஓவியப் பொருள் கடையார் பிக்காசோவின் தேவைக்கென அதன் உயர்தர வடிவத்தைத் தயாரித்த பிறகே பெரிய ஓவியர்கள் கைக்கு அது பரவலாகச் சென்றது. குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்குப் போன அரிய கருவிகளில் அதுவும் ஒன்று. அதற்குரிய இடம் மேல் அடுக்கு என்பதை மட்டுமே சொல்கிறேன்.

சரியான முறை எதுவென்று சொல்லாமல் குறை மட்டும் சொல்வது முறையாகாது என்பதால், நான் வகுப்பில் பல ஆண்டுகள் செய்துவந்ததை இங்கே எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் மலர் செங்காந்தள். நம் மாநில மலர் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அடுக்கு அடுக்காக வண்ணம் ஏற்றுவதை அம்மலரே கற்றுத் தருகிறது என்பதுதான் காரணம். அரும்பு விரியும்போது இதழ்கள் பச்சை கலந்திருக்கும். ஓரிரு நாளில் மஞ்சள் ஏறும். பிறகு நுனியிலிருந்து செம்மை இறங்கிக்கொண்டே வந்து, அடியில் மட்டும் மஞ்சள் எஞ்சும். வாடுவதற்கு முன் முழுவதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் இந்நிலைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் காணலாம். மஞ்சளின் மேல் சிவப்பு என்னும் வரிசை செடியிலேயே இருக்கும்போது, தாளில் மட்டும் சிவப்பை முதலில் பூசிவிட்டு மஞ்சளை அதன் மேல் ஏற்ற முயல்வானேன்? (இம்மலரை வரைய விரும்பும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை: கொடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கொடிய நஞ்சு. வேலியில் இருப்பதை வேலியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பறித்து வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது.)

தாளிலிருந்து தொடங்குவோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள நீர்வண்ணத் தாள் கிடைத்தால் நல்லது. எல்லாப் பிள்ளைகளாலும் அதை வாங்க இயலாது. அப்போது சாதாரண டிராயிங் ஷீட்டைத் தடித்த அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை அப்பளம்போல் வளையும். பின்பக்கத்திலும் அதே அளவில் ஒரு தாளை ஒட்டினால் இருபுறமும் இழுப்புச் சமமாகி, அட்டை நேராக நிற்கும். ஒட்டியதை ஒரு பலகையின் அடியில் வைத்து, பலகையின் மேல் பாரம் ஏற்றி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். முதல் காத்திருப்பு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து, பழைய நாளிதழைக் கிழித்து அடித்தளமாக ஒட்டுவது. தங்கள் நாளிதழைத்தான் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். பொடி எழுத்துகள் நெருக்கமாக உள்ள வரிவிளம்பரப் பக்கங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. மேலே வண்ணம் ஏறிய பிறகு அவ்வெழுத்துகள் இலைகளுக்கு நடுவே கொடியின் நிழல்போலத் தெரியும். படம் உள்ள பக்கங்களைத் தவிர்க்க வேண்டும். ஒரு மாணவன் கவனிக்காமல் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைக் கிழித்து ஒட்டிவிட, மெல்லிய மஞ்சள் பூச்சுக்கு அடியிலிருந்து, மலரின் நட்டநடுவில், பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு மோர்ப் பதத்தில் கரைத்து, பழைய பல் தூரிகையால் தடவி, துண்டை வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவினால் உள்ளே காற்று தங்காது. நல்ல தூரிகையை இதற்கு எடுத்தால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. செய்தித்தாளின் கூழில் மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் அது விரைவில் பழுப்பேறும். வெயிலில் ஒரு வாரம் கிடந்த தாளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் மேல் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சோ தண்ணீர் கலந்த வெள்ளை அக்ரிலிக்கோ ஒரு பூச்சு கொடுத்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். பழுப்பும் பின்னாளில் அவ்வளவாக உறுத்தாது. அடுத்து ஏறும் வண்ணத்துக்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும்.

இவ்வடித்தளம் காய்ந்த பிறகுதான் வண்ணம். பின்புலத்துக்கு நீலமும் பச்சையும் கலந்த நீர்த்த பூச்சு ஒன்றைக் கொடுத்து, மலர் வரும் இடத்தை மட்டும் வெண்மையாக விட்டுவிடச் சொல்லுவேன். பின்புலம் ஈரமாக இருக்கும்போதே மலரைத் தீட்டத் தொடங்கினால், பச்சையும் சிவப்பும் கலந்து சேற்று நிறமாகிவிடும். வகுப்பில் ஆண்டுதோறும் நான் அதிகமாகப் பார்த்த பிழை இதுதான். அதே பச்சை காய்ந்த பின் அதே சிவப்பை மெல்லிதாக மேலே இட்டால் சேறாவதில்லை. அடியிலுள்ள பச்சை சிவப்புக்கு ஓர் ஆழத்தைக் கொடுக்கிறது. அதே இரண்டு நிறங்கள், அதே தூரிகை. இடையில் போன அரை மணி நேரம்தான் வேறுபாடு.

மலரின் இடத்தில் முதலில் எலுமிச்சை மஞ்சள் முழுவதும். அது காய்ந்ததும் ஆரஞ்சு, இதழின் மேற்பாதியில் மட்டும். அதன் மேல், பட்டத் தாளையோ டிஷ்யூ தாளையோ கையால் கிழித்து இதழ்களாக ஒட்டலாம். கத்தரியால் வெட்டினால் விளிம்பு கூர்மையாக, அந்நியமாக நிற்கும்; கிழித்தால் வெளுத்த நார் விளிம்பு அடித்தளத்தோடு இழையும். செங்காந்தளின் இதழ் விளிம்பு அலை அலையாக இருப்பதற்கும் கிழிசலே பொருத்தம். ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து தீச்சுடர்போல் மேலெழும் என்பதையும், சூல் தண்டு நேராக நீளாமல் பக்கவாட்டில் சட்டென்று திரும்பும் என்பதையும் பிள்ளைகள் பார்த்து வரைய வேண்டும். இல்லையெனில் எல்லா மலரும் ஐந்து வட்டங்களும் நடுவில் ஒரு பொட்டுமாகவே முடிந்துவிடும். டிஷ்யூ தாளை நனைத்தால் சாயம் கசியும் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். கசிவை விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளலாம்; விரும்பாவிட்டால், தாளை நனைக்காமல், அடியில் மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும்.

ஒட்டியது காய்ந்த பின் சிவப்பு அக்ரிலிக், நுனியிலிருந்து கீழ்நோக்கி. எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது. அடியில் எத்தனை அடுக்கு உழைத்துப் போட்டோமோ அவற்றில் ஒவ்வொன்றும் எங்கேனும் ஓரிடத்தில் வெளியே தெரிய வேண்டும். இங்கே கொஞ்சம் மஞ்சள், அங்கே இரண்டு எழுத்து, இதழிடுக்கில் ஒரு துளி நீலம். கடைசியில்தான் ஆயில் பேஸ்டல் வருகிறது. இதழின் வளைவில் அடர்சிவப்பைத் தேய்த்து, விரலால் இழைத்து, பிறகு ஒரு தென்னை ஈர்க்குச்சியால் அதன் மேல் கீறினால், அடியிலிருந்து மஞ்சள் கோடு கோடாகக் கண் விழிக்கும். பிள்ளைகள் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்க்கும் இடம் அது. அடியிலுள்ள அக்ரிலிக் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தால் மட்டுமே அந்தக் கோடு சுத்தமாக வரும். அரைகுறையாகக் காய்ந்திருந்தால் ஈர்க்குச்சி மஞ்சளையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்துவிடும். ஸ்கெட்ச் பேனாவுக்கு இவ்விடத்தில் வேலையே இல்லை. எண்ணெய்ப் பரப்பில் அதன் மை ஏறாது, முனையும் அடைத்துக்கொள்ளும்.

இனி, காயும் நேரத்தைப் பற்றி. மெல்லிய அக்ரிலிக் பூச்சு, சித்திரை வெயில் காலத்தில், அரை மணிக்குள் காய்ந்துவிடும். கத்தியால் அள்ளித் தடித்து அப்பியது மேலே காய்ந்து, உள்ளே ஒரு நாளுக்கும் மேல் ஈரமாகவே இருக்கும். செங்காந்தள் எங்கள் பக்கம் நிறையப் பூப்பதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். காற்றே ஈரமாக இருக்கும் அந்நாட்களில்தான் எந்தப் பூச்சும் எளிதில் காயாது. பூவைப் பார்த்து வரைய வேண்டிய மாதமும் பொறுத்து வரைய வேண்டிய மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. காய்ந்ததா என்று அறிய விரல் நுனியால் அழுத்திப் பார்ப்பது தவறு, ரேகை பதிந்துவிடும். புறங்கையை மெதுவாக வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அறையின் சூட்டிலேயே இருந்தால் அடுத்த அடுக்குக்குப் போகலாம். முடி உலர்த்தும் கருவியை எடுத்துச் சூடான காற்றை அருகில் பிடிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்; மெல்லிய பூச்சுக்கு அது தூரத்திலிருந்து உதவும், தடித்த பூச்சிலோ மேல்தோல் முந்திக் காய்ந்து, அடி ஈரம் பின்னால் சுருங்கும்போது வெடிப்பு விழும்.

இவ்வாறு அடுக்கடுக்காகப் பொறுத்துச் செய்வது நமக்கு அயலான வழக்கமன்று. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையின் மேல் துணி ஒட்டி, சுக்கான் மாவும் பிசினும் கலந்து பூசி, காயவிட்டுத் தேய்த்து, கோடு வரைந்து, கல் பதித்து, பசையால் புடைப்பு வேலை செய்து, தங்கரேக்கு ஒட்டுகிறார்கள். துணி, மாவு, கல், உலோகம், வண்ணம் என்று ஒரே படத்தில் இத்தனை பொருள்கள் சேர்வதால் அதையும் 'மிக்ஸ்டு மீடியா' என்று சொல்லலாம். அப்படத்தை எழுதும் கைவினைஞர் எவரிடமும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தாருங்கள் என்று நாம் கேட்பதில்லை.

காகிதப் பூக்களுக்கு இங்கிலாந்தில் ஒரு பெரும் முன்னோடி இருக்கிறார். மேரி டெலானி என்னும் அம்மையார், 1772 வாக்கில், தமது எழுபத்திரண்டாம் வயதில், வண்ணத் தாளைக் கத்தரித்துக் கறுப்புப் பின்புலத்தில் அடுக்கடுக்காக ஒட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கினார். ஒரே செடிக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒட்டியதும் உண்டு. வேண்டிய இடங்களில் நீர்வண்ணத்தால் தொட்டுத் திருத்தினார். கண்பார்வை மங்கி, 1782-இல் நிறுத்தும் வரையில் பத்து ஆண்டுகளில் அவர் முடித்தவை ஏறத்தாழ ஆயிரம். அவை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிக்காசோவும் அவருடைய ஓவிய நண்பர் பிராக்கும் 1912-இல் ஓவியத்தில் தாள் ஒட்டியதையே பாடநூல்கள் தொடக்கமாகச் சொல்லும்போது, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த அம்மையார் கத்தரிக்கோலும் பசையுமாக அமர்ந்திருந்ததை வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதில்லை.

நிறம் மங்குவதைப் பற்றியும் ஒரு சொல். மலிவான டிஷ்யூ தாளின் சாயமும், 'ஃப்ளோரசன்ட்' என்று விற்கும் பளீர் வண்ணங்களும் வெளிச்சத்தில் நிலைத்து நிற்பவை அல்ல. ஓவியர் வான்கோ 1890 மே மாதத்தில், பிரான்சின் சாந்த் ரெமியிலிருந்து புறப்படுவதற்கு முன், ரோஜாக்களை இரண்டு பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். ஒன்று வாஷிங்டனிலும் மற்றொன்று நியூயார்க்கிலும் இருக்கின்றன. இன்று பார்ப்பவர்களுக்கு அவை வெள்ளை ரோஜாக்களாகவே தோன்றும். அவர் தீட்டியது இளஞ்சிவப்பு ரோஜாக்களை. பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. பெரிய ஓவியருக்கே இந்நிலை என்றால், பள்ளி நடைவழிச் சுவரில் மேற்கு வெயில் படும்படி மாட்டப்படும் டிஷ்யூ தாள் பூ எத்தனை மாதம் தாங்கும்? வெயில் படாத சுவரில் மாட்டுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். ஆயில் பேஸ்டல் மேலே இருக்கும் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் இடும்போது, கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடையில் அட்டை விளிம்பு வைக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குத் தங்கள் பக்கம் மட்டும் காரணமன்று. பள்ளிகளுக்கு இடையே நடக்கும் ஓவியப் போட்டிகளில், ஒன்றரை மணி நேரம் கொடுத்து, 'எந்த ஊடகத்தையும் பயன்படுத்தலாம்' என்று அறிவிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். நடத்தியவர்கள் யாரென்பது இங்கே தேவையில்லை. மணி அடித்ததும் தன்னார்வலர்கள் படங்களை வாங்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார்கள். தாமரைக் குளம் ஒன்றை அக்ரிலிக்கில் தடிப்பாகத் தீட்டியிருந்த சிறுவன், "சார், இன்னும் காயல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான். யாரும் காதில் வாங்கவில்லை. நாங்கள் அடுக்கைப் பிரித்தபோது அவனுடைய தாமரை மேலிருந்த படத்தின் முதுகில் பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. பரிசு, ஓரம் கட்டி நிறம் நிரப்பிய ஒரு மயிலுக்குப் போயிற்று. நடுவர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அந்தப் பையனின் முகத்தை நேராகப் பார்க்க என்னால் இயலவில்லை. ஒன்றரை மணி நேரம்தான் என்றால் ஒரே ஊடகம் என்று வரையறுத்துவிடலாம். பல ஊடகங்களும் பல அடுக்குகளும் வேண்டுமென்றால், சனிக்கிழமை ஓர் அமர்வு, ஞாயிற்றுக்கிழமை ஓர் அமர்வு என்று பிரித்து, இடையில் படங்களைத் தரையில் தனித்தனியே பரப்பிவைக்க ஒரு கூடத்தை ஒதுக்க வேண்டும். இரண்டும் முடியாதென்றால் அக்ரிலிக் கூடாது என்று அறிவித்துவிடுவதே நேர்மை.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. முதலாவது, வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அடுக்கு வரிசையைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிட வேண்டும். என் பேத்தியைப் போல அப்பக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கும் பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். இரண்டாவது, இத்தகைய செய்முறைகளை இனி ஒரே வாரத்தில் முடிக்காமல், அடித்தளமும் பின்புலமும் ஒரு ஞாயிறு, மலரும் மேல் வேலையும் அடுத்த ஞாயிறு என்று இரண்டாகப் பிரித்து வெளியிடலாம். 'தொடரும்' என்று போட்டுப் பழகிய பத்திரிகைக்கு இது புதிதாக இராது. ஒவ்வொரு படியின் இறுதியிலும் எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்பதையும் மழைக் காலத்தில் அது கூடும் என்பதையும் அச்சிட்டால், பெற்றோர்களும் பிள்ளைகளை 'சீக்கிரம் முடி' என்று விரட்டாமல் இருப்பார்கள்.

பேத்தியின் செம்பருத்தியை நாங்கள் தூக்கி எறியவில்லை. பேஸ்டலின் மேல் ஒட்டாமல் நின்ற அக்ரிலிக் படலத்தை நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்தோம், மெல்லியவை பிய்ந்துபோயின, தடித்த இடங்களில் மூன்று இதழ்கள் முழுசாக வந்தன. அவற்றின் அடிப்பக்கத்து எண்ணெய்ப் பசையைச் சோப்பு நுரை தொட்ட துணியால் துடைத்து, ஒரு தட்டில் உலர வைத்தாள். அட்டையில் புதிதாகத் தாள் ஒட்டி, தங்கள் நாளிதழின் வரிவிளம்பரத்தைக் கிழித்து அடித்தளம் இட்டு, பின்புலமும் முடித்திருக்கிறாள். அந்த மூன்று இதழ்களையும் அதில் ஒட்டப் போகிறாளாம். இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை வந்து, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் சில்லுன்னு இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.